மறு: 'டூயல் வோல்டேஜ்' கருவி: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாகக் கோத்தகிரியில் மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மடல்களை இன்றைக்குத்தான் மொத்தமாகப் படித்தேன். கேள்வியைக் கிளப்பியவன் நான்தான் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

தூத்துக்குடியில் என் தங்கை மகன் படகில் ஒரு சின்னக் குளிர்பெட்டி வைத்திருக்கிறான். கரையில் கட்டியிருக்கும்போது 230 வோல்ட், கடலில் 12 வோல்ட் பேட்டரி. "மாமா, படகுல இருக்கறவங்க படிக்கிற மாதிரி தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றான். முதல் வரியிலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

> ஈரழுத்தக் கருவி. உயிர் எழுத்துக்கு முன் 'இரு' என்பது 'ஈர்' ஆகும். ஈரடி, ஈராயிரம் போல.

இலக்கணத்தில் பிசகில்லை. ஆனால் படகில் ஒட்டப்போகும் தாளில் 'ஈரழுத்தம்' என்று எழுதினால் எல்லோரும் ஈரத்தைத்தான் நினைப்பார்கள். அப்புறம், வெறும் 'அழுத்தம்' என்றால் எங்கள் வீட்டில் காலை மாத்திரைதான் ஞாபகம் வரும்.

> இருமின்னழுத்தக் கருவி. பாடநூலோடு ஒட்டிப்போகும்.

எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், வேறு வேறு சங்கதிகளுக்கு ஆங்கிலத்தில் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். கைபேசி சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். எந்த ஊரில் செருகினாலும் தானே சமாளித்துக்கொள்ளும். பழைய கணினிப் பெட்டியின் முதுகில் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. 115இல் விட்டு நம் ஊர்ச் சுவரில் செருகினால் புகைதான். இரண்டிலும் கரண்ட் நுழையும் இடம் ஒன்றே. படகுக் குளிர்பெட்டிக்கோ நுழையும் இடமே இரண்டு: ஒன்றில் மாறுதிசை (ஏசி) 230, மற்றதில் நேர்த்திசை (டிசி) 12. (இலங்கையில் மாறுதிசை மின்னோட்டத்தை ஆடலோட்டம் என்பார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பொறாமை உண்டு.)

இந்த வேறுபாட்டை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் ஒயர் நிறம். நம் வீடுகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்றே இழுத்துப் பழகிவிட்டோம். பேட்டரி வேலையில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். படகின் ஒரே குழாயில் இரண்டு ஜோடியும் போனால், எந்தச் சிவப்பு ஆளைக் கொல்லும், எந்தச் சிவப்பு விளக்கை மட்டும் எரிக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டு வேலை பழகிய ஒருவர் இரண்டு கறுப்பையும் 'எல்லாம் நியூட்ரல்தானே' என்று சேர்த்து முறுக்கியதைத் தங்கை மகன் படகிலேயே பார்த்தேன். நல்லவேளை, அப்போது கரைக் கேபிளைச் செருகியிருக்கவில்லை. தனித்தனிக் குழாய், 12 வோல்ட் மைனஸுக்கு மஞ்சள் ஒயர் என்று மாற்றச் சொன்னேன்.

தடிமனும் அப்படித்தான். 60 வாட் குளிர்பெட்டி 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். வீட்டுக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரிலேயே 10 மீட்டர் தள்ளி வைத்தால், போக வர 20 மீட்டரில் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும். பேட்டரி நன்றாகவே இருக்கும். பெட்டி மட்டும் 'சார்ஜ் இல்லை' என்று நின்றுவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட். பியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

> கொடைக்கானல் ஏரி மாதிரி நன்னீரில் உப்பு இல்லை, ஷாக் பயம் குறைவுதானே?

இல்லை ஐயா, நேர் எதிர். மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863இல் தேக்கிய அந்தத் தண்ணீரில் பெடல் படகு ஓடும்வரை கவலையில்லை. கரைக் கரண்ட் வாங்கும் படகு நன்னீரில் நின்று, 230 கசிந்தால்தான் வினை. உப்புநீர் நம் உடம்பைவிட நன்றாகக் கடத்தும். கசிவு பெரும்பாலும் ஆளைச் சுற்றிப் போய்விடும். நன்னீரில் உடம்புதான் சுலபமான வழி. 10 மில்லிஆம்பியர் அளவே தசையை இறுக்கிவிடும். நீச்சல் தெரிந்தவரும் கை அசைக்க முடியாமல் மூழ்குவார். 30 மில்லிஆம்பியரில் ட்ரிப் ஆகும் கசிவுக் காப்பு ஸ்விட்ச் கரையில் இருக்க வேண்டும் என்பது இதற்குத்தான். கரைக் கரண்டும் இன்வெர்ட்டரும் ஒரே லைனுக்கு வருவதானால் நடுவில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வேண்டும். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்ட வேண்டும்.

ஆகவே வோல்ட்டை விட்டுவிட்டு, நுழையும் இடத்தைப் பெயராக்கலாம் என்கிறேன். 'இருவாய்க் கருவி'. நுழைவாயில், மதகுவாய் என்று ஏற்கெனவே புழங்கும் வாய்தான். சார்ஜருக்கு 'இருமின்னழுத்தம்' இருந்துவிட்டுப் போகட்டும்.

கோத்தகிரியிலிருந்து

* * *

இருவாய் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். இரண்டு வாய் என்றால் இரண்டிலும் ஒரே சமயத்தில் ஊட்டலாம் என்று யாரும் நினைத்துவிட மாட்டார்களா? வகுப்பில் என் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கொடைக்கானலிலிருந்து

* * *

டீச்சருக்கு வணக்கம். எங்கள் காட்டு இருவாய்ச்சிப் பறவையைக் காட்டுங்கள். அலகுக்கு மேல் இன்னொரு அலகு வைத்த மாதிரி தெரிவதால்தான் அந்தப் பெயர். ஆனால் பழம் தின்பது கீழே உள்ளதால் மட்டும்.

கூடலூரிலிருந்து

* * *

கூடலூர்க்காரர் என் வேலையை முடித்துவிட்டார். இந்தக் குளிர்பெட்டியும் அப்படித்தான்: இரண்டு ஒயரும் செருகியிருந்தாலும் 230 வந்தால் அதையே எடுத்துக்கொள்ளும், போனால் பேட்டரிக்கு மாறும். ஒரு வாய்தான் மெல்லும். 'சேஞ்ச் ஓவர்' என்பதற்கு இப்போதைக்குத் தமிழ் தேட வேண்டாம் டீச்சர், கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

தங்கை மகனுக்கு அனுப்பிய தாளின் தொடக்கம்: "இது இருவாய்க் குளிர்பெட்டி. மஞ்சள் ஒயர் பேட்டரியுடையது. கறுப்பைத் தொடும் முன் கரைக் கேபிளைப் பிடுங்கு."

கோத்தகிரியிலிருந்து