மூணு கடை, மூணு கடிகாரம்: சராசரி எடுத்தது தப்பா?

கெடிலக்கரை:
முதுநகர், நெல்லிக்குப்பம், புதுச்சேரி நெல்லித்தோப்பு என மூன்று இடத்தில் பெயின்ட் கடை. கடைக்கு ஒரு பில்லிங் கணினி, லினக்ஸ். இருப்புக் கணக்கு மூன்றிலும் இருக்கும். முரண்பட்டால் கடைசி நேரமுத்திரை (பதிவில் கணினி குறிக்கும் நேரம்) உள்ள பதிவு ஜெயிக்கும். நெட் அடிக்கடி போவதால், மூன்று கடிகாரங்களின் சராசரிக்கு எல்லாம் தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கொஞ்சம் பெருமைகூட பட்டேன்.

போன வாரம் முதுநகரில் மின்வெட்டு, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. கரண்ட் வந்ததும் அந்தக் கணினி 1 ஜனவரி 2018 என்று எழுந்தது. சராசரி மற்ற இரண்டையும் இரண்டு வருஷத்துக்கு மேல் பின்னுக்கு இழுத்துவிட்டது. அன்று நெல்லித்தோப்பில் விற்ற எட்டு வாளி எமல்ஷன், முந்தின நாள் பதிவிடம் தோற்று, மறுபடி இருப்பில் ஏறிவிட்டது. முதலாளி காலி அடுக்கைக் காட்டி, "எங்கப்பா எட்டு வாளி?" என்கிறார்.

உப்பளத்தான்:
முதலில் மதர்போர்டு பட்டன் செல்லைப் பாருங்க சார், சிஆர்2032. கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அப்புறம், சராசரி புளுகனையும் மதிக்கும். நடு மதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, எடுத்திருந்தால் தப்பித்திருப்பீங்க. ஸ்கிரிப்டைத் தூக்கிட்டு, கடிகாரத்தைத் திருத்தும் மென்பொருளான குரோனி போடுங்க. நெட்டில் சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வர் நாலு கொடுத்தால், ஒன்று உளறினாலும் மூன்று ஒத்துப்போகும்.

பழைய நெட்வொர்க்காரன்:
நடு மதிப்பு போதும் என்பது, கெட்ட கடிகாரம் எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொல்லும் வரைக்கும்தான். ஆளுக்கொரு பொய் சொன்னால் மூன்று பேர் போதாது. கையொப்பமில்லாத செய்திகளில் ஒரு துரோகியைத் தாங்க நாலு பேர் வேண்டும் என்று லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் காட்டியிருக்கிறார்கள். 1982 கட்டுரையில் பைசான்டைன் தளபதிகள் கதையாகவே சொன்னார்கள். பெயின்ட் கடைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், தம்பி.

நல்ல செல் போட்டாலும் குவார்ட்ஸ் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளைக்கு 1.7 வினாடி. எது முன், எது பின் என்பதைக் கடிகாரத்திடம் கேட்காதீங்க. லாம்போர்ட் 1978-லேயே வழி சொன்னார்: கணினிக்கு ஒரு எண்ணி (கவுண்டர்) வை, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதில் ஒன்று கூட்டு, செய்தி வந்தால் அதிலுள்ள எண், உன் எண் இரண்டில் பெரியதோடு ஒன்று கூட்டு.

உங்களுக்கு அதுகூட அதிகம். "இருப்பு 12" என்று ஏன் எழுதுறீங்க? "எட்டு போச்சு" என்று எழுதுங்க, ஒவ்வொன்றுக்கும் தனி பில் எண்ணோடு. கூட்டல் கழித்தலுக்கு எந்த வரிசையில் வந்தால் என்ன?

கெடிலக்கரை:
செல்லை மல்டிமீட்டரில் வைத்தேன்: 1.9 வோல்ட், ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. மாற்றியாச்சு, குரோனியும் ஓடுது. எட்டு வாளிக்கும் பில் நகல் கிடைத்தது. கணக்கை ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதுறேன், அண்ணே.