துணையோடு சேர ஜெர்மனி சென்றவர்கள் எதிர்கொண்ட இனவெறி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கார்முகில்

விசா கைக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரங்களில் ட்ரெஸ்டனில் இருக்கும் என் கணவரிடம் செல்கிறேன். உயர்தகுதி வேலைக்கு வருபவர்களுக்குத் தரப்படும் புளூ கார்டு என்ற குடியிருப்பு அனுமதி அவரிடம் இருப்பதால், எனக்கு ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை. இருந்தாலும், போய் இறங்கியதும் வாயடைத்து நிற்கக் கூடாது என்று வகுப்பில் சேர்ந்து படித்தேன். அந்தப் படிப்புதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சென்ற மாதம் அவர் ட்ராமில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தோம். திரைக்கு வெளியே ஓர் ஆணின் குரல் உயர்ந்தது. படம் ஆட்டம் கண்டு முதலில் வண்டியின் கூரையையும் பிறகு அவருடைய சட்டைக் கையையும் காட்டியது. அதோடு இணைப்பு அறுந்தது. பத்து நிமிடம் கழித்து அழைத்தவர், சிக்னல் போய்விட்டது என்றார். ஆனால் அந்தக் குரல் இரண்டு முறை உரக்கச் சொன்ன "ரௌஸ்" என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்திருந்தது. "வெளியே" என்று பொருள்படும் அந்தச் சொல்லை நான்கு நாட்களுக்கு முன்புதான் நோட்டில் எழுதிப் பழகியிருந்தேன்.

போகலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, போகத்தான் போகிறேன். உங்களுக்கு இப்படி நடந்தபோது உங்கள் துணைவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

வாடைக்காற்று

லைப்சிக், 2021. நான் வந்து நான்காவது மாதம், வீடு தேடிக்கொண்டிருந்தோம். ஒரு விளம்பரத்தைப் பார்த்து என் கணவர் தொலைபேசியில் அழைத்துத் தன் பெயரைச் சொன்னார். வீடு ஏற்கெனவே போய்விட்டது என்று பதில் வந்தது. விளம்பரம் அப்படியே இருந்ததால், அவருடைய ஜெர்மானிய நண்பர் ஒரு மணி நேரம் கழித்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்தபடியே அதே எண்ணுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் அதே பெண்ணின் குரல், அதே கனிவோடு, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து வீட்டைப் பார்க்கலாம் என்றது. நண்பர் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

என் கணவர் அன்றிரவு சொன்னது ஒன்றே ஒன்று: "இதைப் பெரிதுபடுத்தாதே, வேறு வீடு கிடைக்கும்." கிடைத்தது. ஆனால் 2006 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுச் சமநடத்தைச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்கிறது என்பதும், இழப்பீடு கோர இரண்டு மாதம்தான் அவகாசம் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது அந்த இரண்டு மாதம் முடிந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. நண்பர் அழைத்துப் பார்த்தாரே, அந்த ஒப்பீட்டையே நீதிமன்றங்கள் பாகுபாட்டுக்கான அறிகுறியாக ஏற்றுக்கொள்வதுண்டு. அதன் பிறகு, தான் பாகுபாடு காட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடும். சாட்சியை எங்கள் சமையலறையிலேயே வைத்துக்கொண்டு நாங்கள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

நெடுவழி

என் மனைவிக்கு வேலை கிடைத்ததால் அவரோடு சேர மியூனிக்குக்கு வந்தவன் நான். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முந்தைய பதிவைப் படித்ததும் ஒரு கேள்வி எழுந்தது. வீட்டு உரிமையாளர் வருமானத்தையோ குடும்ப அளவையோ மனத்தில் வைத்து மறுத்திருக்கலாம் அல்லவா? நடப்பது ஒவ்வொன்றையும் இனவெறி என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாட்டில் நிம்மதியாக வாழ முடியாது. ஒருமுறை நகர ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அந்தப் பெட்டியில் எங்கள் குடும்பத்திடம் மட்டும் டிக்கெட் கேட்டுவிட்டு இறங்கினார். நான் காட்டினேன், அவர் நன்றி சொன்னார், அவ்வளவுதான்.

கார்முகில் அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. முதலில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் இடம் கிடைத்தால் உடனே சேர்ந்துவிடுங்கள். 600 மணி நேர மொழிப் பாடமும், நாட்டின் சட்டம், வரலாறு குறித்த 100 மணி நேரப் பாடமும் அதில் உண்டு. அதை முடித்தால் பி1 என்ற இடைநிலையை எட்டலாம். இரண்டாவதாக, துணைவராக வருபவருக்கு முதல் நாளிலிருந்தே வேலை செய்யும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணவருடைய சம்பளம் போதும் என்று இரண்டு மூன்று ஆண்டுகளை வீட்டுக்குள் கழித்துவிட்டுப் பிறகு வருந்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கை உங்கள் பெயரில் தனியாகத் தொடங்குங்கள். முகவரிப் பதிவுக்குக் கணவரோடு சேர்ந்து போங்கள், ஆனால் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். மருத்துவரிடம் தனியாகச் செல்லப் பழகுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு முதல் வாரத்திலேயே வணக்கம் சொல்லி அறிமுகமாகிவிடுங்கள். பெயர் தெரிந்தவரிடம் மனிதர்கள் வேறுவிதமாக நடந்துகொள்வார்கள். மொழி வந்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

செவ்வந்தி

நெடுவழி ஐயா, உங்கள் மற்ற அறிவுரைகளை ஏற்கிறேன். கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் ஜெர்மன் சி1 என்ற உயர்நிலையில் இருக்கிறது. என் கணவர் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர். ஒரு சிறு நகரத்து அலுவலகத்தில் என் குடியிருப்பு அனுமதிக்கான தாள்களோடு இருவரும் அமர்ந்திருந்தோம். அலுவலர் என் கணவரைப் பார்த்து, என்னைச் சுட்டி, "இவருக்குப் புரிகிறதா?" என்று கேட்டார். நான் ஜெர்மன் மொழியில், நிதானமாக, முழு வாக்கியமாக, நன்றாகப் புரிகிறது என்று பதில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்வியையும் என் கணவரிடமே கேட்டார். என் பிறந்த தேதியை அவரிடம் கேட்டார். அவரும் சொன்னார்.

நான்கு ஆண்டுகளாகியும் என்னை விட்டுப் போகாதது அந்த அலுவலருடைய முகம் அல்ல. என் பிறந்த தேதியை என் கணவர் எவ்வளவு இயல்பாக எடுத்துச் சொன்னார் என்பதுதான். வெளியே வந்ததும், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நடந்ததை அவர் பார்க்கவே இல்லை. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு முழு வாரம் பிடித்தது. முதலில், அந்த அலுவலருக்கு வேலைப்பளு என்றார், பிறகு, நீ களைத்திருந்தாய் என்றார், அதன் பிறகு நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை அதே அலுவலகத்துக்குப் போனபோது தாள்களை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கேள்வி அவரை நோக்கி வந்த ஒவ்வொரு முறையும் திரும்பி என்னையே பார்த்தார். மூன்றாவது கேள்வியிலிருந்து அலுவலர் என்னிடம் பேசத் தொடங்கினார்.

கார்முகில், உங்கள் கணவர் மறைத்தது அன்பினால்தான் என்று நம்புகிறேன். ஆனால் துணையை நம்பி ஒரு நாட்டுக்குப் போகும்போது, தொடக்கத்தில் அந்த நாட்டை அவர் கண்களாலும் அவர் மொழிபெயர்ப்பாலும்தான் நாம் பார்க்கிறோம். அவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் நம் காதையே நாம் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவோம். புறப்படுவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

நீலவானம்

பிராங்பர்ட்டில் இருக்கிறேன். 2020 பிப்ரவரி 19 அன்று பக்கத்திலுள்ள ஹனாவ் நகரத்தில், குடியேறியவர் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேரை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றபோது, நான் வந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அஞ்சலிக் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டார், நான் போனேன். ஒலிபெருக்கியில் ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒவ்வொரு பெயரையும் உதடசைத்துத் திருப்பிச் சொன்னார். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி என் கணவர் நின்றுகொண்டிருந்தார். போக வேண்டாம் என்று சொன்னவர், நான் வந்த ரயிலுக்கு அடுத்த ரயிலிலேயே வந்திருக்கிறார்.

வாடைக்காற்று

நெடுவழி அவர்களுக்கு: வருமானம் காரணமாக இருந்திருக்கலாம் என்கிறீர்கள். என் கணவர் தொலைபேசியில் வருமானத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் கட்டமே வரவில்லை. அவர் சொன்னது பெயரை மட்டும்.

அலைமகள்

புகார் கொடுத்தவர் யாரும் இங்கே எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் என் தோலின் நிறத்தைச் சொல்லி, இங்கே எழுதத் தகாத சொல்லால் என்னைத் திட்டினார். என் கணவர் அந்த ஆளின் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல்துறையின் 110 எண்ணுக்கு அழைத்தார். அவமதிப்புக் குற்றத்தில் காவல்துறையிடம் நடந்ததைச் சொன்னால் மட்டும் போதாது. திட்டியவரைத் தண்டிக்க வேண்டும் என்று கோரும் விண்ணப்பத்தையும் மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும். தந்தோம். ஏழு மாதங்கள் கழித்து அரசு வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. குற்றத்தைத் தொடர்ந்து விசாரிப்பதில் பொதுநலன் ஏதும் இல்லை என்றும், விரும்பினால் நானே தனிநபர் வழக்குத் தொடரலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. "பொதுநலன்" என்ற சொல்லை அகராதியில் தேடி, வேறு பொருள் இருக்குமோ என்று மூன்று முறை பார்த்தேன்.

இருந்தும் புகார் கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. காவல் நிலையத்தில் என் கணவர் என்னருகே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கி மொழிபெயர்க்கவில்லை. புகார் கொடுத்தால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும் என்று எங்களைச் சிலர் பயமுறுத்தினார்கள். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுப்பதால் அனுமதி பறிபோகாது. என்னுடையதும் உரிய காலத்தில் நீட்டிக்கப்பட்டது. வேலை, வாடகை தொடர்பான பாகுபாட்டுக்குக் கூட்டாட்சி அரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் முதற்கட்டச் சட்ட ஆலோசனையைக் கட்டணமின்றித் தருகிறது. இரண்டு மாத அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் அங்கே கேளுங்கள்.

நெடுவழி

இரண்டு நாட்களாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரயிலில் நடந்ததை நான் முழுமையாக எழுதவில்லை. பரிசோதகர் இறங்கிய பிறகு, அப்போது ஏழு வயதாயிருந்த என் மகள், "அப்பா, ஏன் நம்மிடம் மட்டும் கேட்டார்?" என்றாள். நாம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அதனால்தான் என்று சொன்னேன். அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். நாங்கள் பெட்டியின் நடுவில் இருந்தோம். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. வாடைக்காற்று அவர்களே, உங்கள் சமையலறையில் நடந்ததை நான் சந்தேகித்திருக்கக் கூடாது, மன்னிக்க வேண்டும்.

கார்முகில்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அவரிடம் கேட்டேன். "சிக்னல்" என்று தொடங்கியவரிடம் அந்தச் சொல்லை அதே உச்சரிப்பில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, குடித்திருந்த ஒருவன் அருகே வந்து நின்று கத்தியதையும், பெட்டியில் இருந்த எவரும் தலை நிமிராததையும், தான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் மூன்று நிறுத்த தூரம் நடந்தே வீடு சென்றதையும் சொன்னார். எனக்குத் தெரிந்தால் நான் வரமாட்டேனோ என்று பயந்தாராம். அந்த மாலைக்குப் பிறகு அந்தத் தட ட்ராமில் அவர் ஏறவில்லை. ஒரு மாதமாக இருபது நிமிடம் சுற்றிப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறார்.

நான் வந்ததும் முதலில் அந்த ட்ராமில் சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நிறுத்தத்தின் பெயரைக் கேட்டேன். எழுத்துக் கூட்டிச் சொன்னார், நோட்டில் "ரௌஸ்" இருக்கும் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.