மாடியில் கீற்றுக் கொட்டகை, தீபாவளிக்குத் தண்ணீர் அடித்து வைத்தால் போதுமா?

கும்பகோணத்தில் நெருக்கமான தெருவில் இருக்கிறோம். வெயிலுக்காக மொட்டைமாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம். போன தீபாவளிக்கு எங்கிருந்தோ வந்த ராக்கெட் அதில் செருகிக்கொண்டது. மதியம் பெய்த மழையில் கீற்று நனைந்திருந்ததால் ஒரு கை அகலத்துக்குக் கருகியதோடு போயிற்று. அதைவிட என்னை உலுக்கியது வேறு. மாடிக்கதவு பூட்டியிருந்தது, சாவி மாமியாரின் சுருக்குப்பையில். தேடி எடுக்கவே பத்து நிமிடம்.

இந்த வருடம் காலையிலேயே கொட்டகையில் தண்ணீர் அடித்துவிடலாமா? பிரித்தால் மறுபடி வேயக் கூலி ஆகும் என்கிறார் கணவர். மகளுக்கு ஆறு வயது. கார்த்திகைக்கு வேறு மாமியார் மாடிப்படி முழுக்க அகல் வைப்பார்.

பதில் 1

போதாது அம்மா. நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மழையில்லாத நாளென்றால் காலையில் அடித்த தண்ணீர் மதியத்துக்குள் மேல்கீற்றில் காய்ந்துவிடும். வெடிக்க அரசு கொடுக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் அதையும் தாண்டித்தான் வெடிப்பார்கள், தெரிந்ததுதானே.

பிரித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிழல் எதற்கு? கீற்று எப்படியும் மக்கத்தான் போகிறது, கூலியும் எப்படியும் ஆகத்தான் போகிறது. மாசி கடைசியில் புதிதாக வேய்ந்துகொள்ளுங்கள்.

பிரித்த கீற்றை மாடி மூலையிலேயே சாய்த்து வைத்துவிடாதீர்கள்! பலர் அதைத்தான் செய்கிறார்கள். அன்று சாயங்காலம் கொடியில் துணி கிடக்கக் கூடாது. பழைய பாய், சருகு எல்லாம் கீழே போகட்டும். தெருப்பக்க ஜன்னலைச் சாத்துங்கள். மாடியில் இரண்டு வாளி தண்ணீர், கதவு பூட்டாமல். பற்றிக்கொண்டால் முதலில் எல்லோரும் கீழே இறங்கி வாசலுக்கு வந்துவிட்டு 101 அடியுங்கள்.

குழந்தைக்குப் பருத்தி உடை போடுங்கள். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைத் தரையில் போட விடாதீர்கள். சிவப்பு அடங்கினாலும் சூடு அடங்காது, அடுத்த பிள்ளை வந்து மிதிக்கும். உடனே வாளித் தண்ணீருக்குள் போட வேண்டும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவு, பற்பசை, மை எதுவும் வேண்டாம்.

பதில் 2

அக்கா, அகல் விஷயம் எங்கள் வீட்டிலும் உண்டு. படியில் வைக்காதீர்கள் என்றதற்கு என் மாமியார் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவாடை ஓரம் உரசுகிற உயரமே படிதான். கடைசியில், “வாசல் கோலத்தைச் சுற்றி வைத்தால் தெருவே பார்க்குமே” என்றேன். உடனே சரி என்றுவிட்டார். இப்போது அகல் எல்லாம் மணல் பரப்பிய தாம்பாளத்தில். எண்ணெயும் பாதிதான் ஊற்றுவோம், எல்லோரும் உள்ளே போவதற்குள் தானாகவே மலையேறிவிடும்.

அப்புறம், முறுக்கு சுடும்போது எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா, நன்றிமா. “மழைக்கு நிழல் எதற்கு” என்று நீங்கள் எழுதியதைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறோம். கீற்றைப் பக்கத்துத் தெரு அக்கா வெந்நீர் அடுப்புக்குக் கேட்டிருக்கிறார். மாடிச் சாவி இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது. “சுருக்குப்பையில் இருந்தவரைக்கும் தொலையவே இல்லையே” என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.