டோக்கனுக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, வெள்ளி இரவு

மடற்குழுவினருக்கு வணக்கம். அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பருவத்தில் முதுகலை மாணவர்களுக்குச் சங்க இலக்கியமும் கணினியியலும் கலந்த ஒரு பாடம் எடுக்கிறேன். பாதிப் பேர் தமிழ் படித்துவிட்டு வந்தவர்கள், நிரல் என்றால் மிரளுவார்கள். மீதிப் பேர் நிரலர்கள், அளபெடை என்றால் மிரளுவார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு வகுப்பு. ஞாயிறு மாலைக்குள் பாடக்குறிப்பு நகலெடுக்கும் கடைக்குப் போயாக வேண்டும். மற்ற கலைச்சொற்களுக்கு எப்படியோ தமிழ் தேற்றிவிட்டேன், டோக்கன்தான் நிற்கிறது. நிரல் ஓர் உரையை வெட்டி எண்ணுகிறதே, அந்த ஒவ்வொரு துண்டுக்கும் பெயர்.

சிக்கல் இதுதான். குறுந்தொகை 40-ஐச் சீர் பிரித்த, அதாவது பொருளைப் பார்க்காமல் ஓசைக்கேற்பப் பிரித்த, பதிப்பிலிருந்து எடுத்து நிரலுக்குக் கொடுத்தோம். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’. நிரலுக்கு இடைவெளிதான் எல்லை, நாலு டோக்கன் என்று எண்ணிக் கொடுத்தது. பொருள்படப் பிரித்தாலும் யாயும், ஞாயும், யார், ஆகியரோ என்று நாலுதான். எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று ஒரு மாணவி அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கடைசியில் சொற்பட்டியலைத் திறந்தால் ககர வரிசையில் ‘கியரோ’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் என்னவென்று அழைப்பது? சொல் என்றால் பொய். சீர் என்றால் இந்த வரிக்குச் சரி, உரைநடைக்கு என்ன செய்வது?

கிள்ளானிலிருந்து

அம்மா, வீட்டில் நெய்யை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வெண்ணெய் தேடுகிறோம். கிளவி என்ற சொல் எதற்கு இருக்கிறது? தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்று ஓர் இயலே உண்டு. மூன்றே எழுத்தில் சின்னச் சொல், வாயில் நிற்கும். கிளவி, கிளவியாக்கல், கிளவிப் பட்டியல். முடிந்தது.

சைபர்ஜெயாவிலிருந்து

ஐயா கோபிக்கக் கூடாது. என் அலுவலகத்தில் தமிழ்ப்பள்ளி படித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். மூவரும் அதைக் ‘கிழவி’ என்றுதான் படித்தோம். ‘இந்தக் கோப்பில் பத்தாயிரம் கிழவிகள்’ என்று வகுப்பில் யாராவது வாசித்தால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

அது போகட்டும். கிளவியும் சொல்தானே? ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ‘கியரோ’வுக்கு என்ன பொருள்? பதம் என்றும் போக முடியாது, நன்னூலாரும் எழுத்து தனித்தோ தொடர்ந்தோ ‘பொருள்தரின்’தான் பதம் என்கிறார்.

நாங்கள் வேலையில் பார்க்கிற டோக்கன் இன்னும் மோசம். முற்றுப்புள்ளியும் ஒரு டோக்கன்தான். இப்போதைய மொழி மாதிரிகளில் சொல்லை அடிக்கடி சேர்ந்து வரும் துண்டுகளாக வெட்டுகிறார்கள், 1994-இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக வந்த முறை அது. யுனிகோடில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக ஆறு. பைட் கணக்கில் வெட்டுகிற நிரல் அந்த ஆறின் நடுவிலும் கத்தியை வைக்கும். எழுத்தைவிடச் சிறியதற்குக் கிளவி என்று பெயர் வைத்தால் தொல்காப்பியருக்கு அடுக்குமா?

டோக்கன் என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

கிள்ளானிலிருந்து

ட மொழிக்கு முதலில் வராது.

சைபர்ஜெயாவிலிருந்து

அப்படியானால் தோக்கன். ‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ’, வடசொல்லை வடவெழுத்து நீக்கி ஏற்கலாம் என்று தொல்காப்பியரே சொல்கிறார். வடக்கிலிருந்து வந்ததற்கு உள்ள சலுகை மேற்கிலிருந்து வந்ததற்குக் கிடையாதா, ஐயா? பாருங்கள், அந்த நூற்பாவிலேயே உங்கள் கிளவியும் இருக்கிறது.

சிரம்பானிலிருந்து

தோக்கன் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் கடன் வாங்குவதாக நினைக்கிறீர்கள், நாம் கொடுத்த கடன் திரும்பி வருகிறது. தொகு, தொக்கு, தொக்கன். ‘தொக்கி நிற்றல்’ என்கிறோமே, ஒன்றுக்காக மறைந்து நிற்பது. டோக்கனும் ஒன்றுக்காக நிற்பதுதானே? வினைத்தொகை, உம்மைத்தொகை எல்லாம் இந்த வேர். குறுந்தொகையே இந்த வேர். தொடர்ந்து எழுதுகிறேன், அடுத்த மடலில் துளு, குடகு இணைச்சொற்கள்.

செந்தூலிலிருந்து

அடுத்த மடல் வருமுன் எழுதிவிடுகிறேன். ஆங்கிலத்தின் டோக்கன் அவர்களுடைய பழைய சொல். ‘தாக்கென்’ என்பது போல ஒலித்தது, பொருள் அடையாளம். ஜெர்மன் மொழியின் ‘ட்சைகன்’ அதற்குச் சொந்தக்காரன். நமக்கும் அதற்கும் தாயாதி உறவில்லை. அண்ணே, இன்னொன்று: தொகு என்றால் சேர்ப்பது. டீச்சர் கேட்பது பிரிப்பதற்கு. தைக்கிற ஊசியால் தையல் பிரிக்கச் சொல்கிறீர்கள்.

நான் சொல்ல வந்தது வில்லை. கோலாலம்பூர் எல்ஆர்டி ரயிலில் போகிறவர்கள் கையிலிருக்கும் நீல பிளாஸ்டிக் வட்டத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகும்போது தொட்டுக் காட்டுவோம், இறங்கும் இடத்தில் துளையில் போடுவோம். மலாயிலும் அது தோக்கன்தான். தமிழில் வட்டமாய்த் தட்டையாய் இருப்பதை வில்லை என்போம், சந்தன வில்லை, வெல்ல வில்லை. கணித்தமிழில் சிலர் ஏற்கெனவே டோக்கனுக்கு வில்லை என்று எழுதியும் வருகிறார்கள்.

உருவத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1906-இல் பியர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர்தான் இந்தப் பாகுபாட்டுக்குப் பெயர் வைத்தார். ஒரு பக்கத்தில் ‘த’ (the) என்ற ஆங்கிலச் சொல் இருபது தடவை வரலாம். சொல் ஒன்றுதான், வந்த இடங்கள் இருபது. அந்த ஒன்று வகை, இருபதும் டோக்கன். என் கையிலிருக்கும் நீல வில்லையும் உங்கள் கையிலிருப்பதும் அச்சு அசல் ஒன்று, ஆனால் என்னுடைய ஒன்றைப் போட்டு இருவரும் வெளியே போக முடியாது. வகை, வில்லை. மோனைகூட விழுகிறது. துண்டு, துணுக்கு, கூறு எல்லாம் வெட்டுவதைச் சொல்கின்றன, இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

சைபர்ஜெயாவிலிருந்து

அக்கா, நல்ல விளக்கம். ஆனால் ‘சொல்வில்லை’ என்று தட்டிப் பார்த்தேன். என் பிழைதிருத்தி ‘சொல்லவில்லை’ என்று மாற்றிவிட்டது. ‘இந்த வரியில் எத்தனை வில்லை?’ என்று கேட்டால் ஏதோ வரவில்லை என்றுதான் காதில் விழும்.

பட்டர்வொர்த்திலிருந்து

அதோடு நாங்கள் பள்ளியில் கண்ணாடி வில்லை, குவி வில்லை படித்தவர்கள். கூறு என்று வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

கிள்ளானிலிருந்து

எதற்கும் பொருந்துவது எதற்கும் பொருந்தாது. வாக்கியத்தின் கூறு, பண்பின் கூறு, நிலத்தின் கூறு. கூறு போட்டு விற்கிற மீன்.

பிரிப்பதைப் பற்றி எல்லோரும் இவ்வளவு பேசுகிறீர்களே, ஓலையில் இடைவெளியே கிடையாது, தெரியுமல்லவா? மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இட மாட்டார்கள். எங்கே சொல் முடிகிறது என்பதைப் படிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் குறுந்தொகையை அச்சிட்டார், 1937-இல் உ.வே.சா. பதிப்பு வந்தது. இடையில் இருபத்திரண்டு வருஷம். உங்கள் நிரல் ஒரு நொடியில் வெட்டிவிட்டுக் ‘கியரோ’ என்கிறது.

1966-இல் இதே கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டிப் போனார். மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளைத் தூரத்தில் நின்று பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தமிழில் ஒரு சொல் இருக்கும்போது இன்னொன்றைத் தேடக் கூடாது என்பது அன்றைக்கே மனதில் ஏறிவிட்டது.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, ஞாயிறு மதியம்

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினேன். வில்லைக்கு நால்வர், கூறுக்கு இருவர், தோக்கனுக்கு ஒருவர், கிளவிக்கு ஒருவர். சிரம்பான் ஐயாவின் தொக்கனை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியாததால் விட்டுவிட்டேன். கடை ஆறு மணிக்கு மூடிவிடும். வில்லை என்றே போடுகிறேன், முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் ‘அதாவது டோக்கன்’ என்று. ட முதலில்தான் வருகிறது, மன்னிக்கவும்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, திங்கள்

வகுப்பு முடிந்தது. வில்லை என்ற சொல்லுக்கு யாரும் சிரிக்கவில்லை, யாரும் அதைச் சொல்லவும் இல்லை. ‘டீச்சர், இது எத்தனை துண்டு?’ என்றுதான் கடைசிவரை கேட்டார்கள். குறிப்பை இணைத்திருக்கிறேன்.

கிள்ளானிலிருந்து

படித்தேன் அம்மா. முதல் இரண்டு பக்கம் வில்லை, மூன்றாம் பக்கம் கூறு என்று இருக்கிறது. அவசரத்தில் மாற்ற மறந்திருப்பீர்கள். ஐந்தாம் பக்கத்துப் பட்டியலில் ‘கியரோ’ இன்னும் இருக்கிறது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள். அப்புறம், கிளவி.