சில்வாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறதா?

கடைசிவரிசை:
'ஸ்கைஃபால்' (2012) என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் வில்லன் சில்வாவை வெறும் வெறியன் என்று ஒதுக்குபவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் உளவுத்துறையின் தலைவியாக வரும் எம்-முக்குக் கீழே ஒருகாலத்தில் ஹாங்காங்கில் வேலை செய்த உளவாளி அவன். அந்த எம்-மே அவனைச் சீனர்களிடம் கொடுத்துவிட்டார். ஐந்து மாதச் சித்திரவதையிலும் வாய் திறக்கவில்லை. தன்னைக் கொடுத்தது யார் என்று உறைத்த பிறகுதான் கடைவாய்ப் பல்லில் இருந்த சயனைடைக் கடித்தான். அதுவும் கொல்லாமல் உள்ளே அரித்துவிட்டுப் போனது. கண்ணாடிக் கூண்டில் அவன் பொய்த்தாடையைக் கழற்றும்போது கன்னம் ஒருபக்கமாகச் சரிந்து விழுமே, சில்வாவாக நடித்த ஹாவியர் பார்டெமின் அந்த முகம் போதாதா?

நேர்கோடு:
பாதிக் கதையை விழுங்கிவிட்டீர்கள். சீனக் கணினிகளுக்குள் நுழையச் சொல்லி அவனுக்கு யார் உத்தரவிட்டது? அவனாகவே நுழைந்தான். 1997இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறவிருந்த நேரம். சீனர்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அவனைக் கொடுத்து ஆறு உளவாளிகளை மீட்டார் எம். அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால்?

கடைசிவரிசை:
வேலையைவிட்டு நீக்கியிருப்பேன். விலையாக வைத்திருக்க மாட்டேன். துருக்கியில் ரயில்மீது பாண்டும் எம்-மின் உத்தரவால்தான் சுடப்பட்டான், அவன் திரும்பி வரவில்லையா என்பீர்கள். அங்கே குறி எதிரிக்கு; குண்டு தவறியது. இங்கே குறியே சில்வாதான்.

மழைத்தாள்:
நீங்கள் இருவரும் வழக்காடிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் 'அம்மா' என்று அழைப்பது கேலிக்காக மட்டும்தானா? கூண்டில் அவன் தன் உண்மைப் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்கிறான். அவரோ, நினைவுச் சுவரில் இருக்கும் பெயரையும் நீக்கச் சொல்வேன் என்கிறார். செத்தவர்கள் வரிசையிலும் அவனுக்கு இடம் கிடையாது. எனக்கு அந்தப் படத்தில் மிகக் கொடூரமான வசனம் அதுதான், அதைச் சொல்வது வில்லன் இல்லை.

நேர்கோடு:
அம்மாமேல் கோபமென்றால் அம்மாவோடு தீர்த்துக்கொள்ள வேண்டும். தீவிரவாதக் குழுக்களுக்குள் ஊடுருவியிருந்த ஐந்து உளவாளிகளை யூடியூபில் அம்பலப்படுத்தினானே, அவர்கள் இவனுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? எம் ஆறு பேரை மீட்டார். இவன் யாரை மீட்டான்?

கடைசிவரிசை:
நீ எனக்குச் செய்ததை உன் ஆட்களுக்குச் செய்கிறேன், பார் என்கிறான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கடைசியில் தேவாலயத்தில் அவர் கையிலேயே துப்பாக்கியைத் திணித்து, தலையோடு தலை வைத்து, ஒரே குண்டில் இருவரையும் முடித்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். பழி மட்டுமே வேண்டுமென்றால் சுட்டுவிட்டுப் போயிருக்கலாமே. தான் தனியாகச் சாகவும் அவனுக்கு மனமில்லை.

நேர்கோடு:
சேர்ந்து சாவதென்று முடிவெடுத்தவன் அவன். அவரைக் கேட்டானா? 'ஹாங்காங்கில் அவனை யார் கேட்டார்கள்' என்று அடுத்து எழுதுவீர்கள். தாராளமாக எழுதுங்கள். அந்த ஐந்து பேருக்கும் அதில் இரண்டு வரி ஒதுக்குங்கள்.