கட்சி பீட்டில் நெருக்கம் எதுவரை?

கேள்வி:
நாளிதழ் ஒன்றில் கட்சி பீட், அதாவது ஒரு கட்சியின் செய்திகளைத் திரட்டும் வேலை, பார்க்கிறேன். மாவட்டச் செயலாளர் ஒருவர் இரவு எத்தனை மணிக்கு அழைத்தாலும் எடுப்பார். அவர் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது, போகாவிட்டால் அடுத்த செய்தி உனக்குக் கிடைக்காது என்கிறார்கள். இன்னொன்று, பிரஸ் மீட் முடிந்ததும் எல்லாரும் ஓரமாக நின்று எது லீட், அதாவது செய்தியில் எது முதலில் வரவேண்டும் என்று பேசி முடிவு செய்துவிடுகிறோம். இதெல்லாம் சரிதானா?

பதில்:
போங்கள், சாப்பிடுங்கள். கிளம்பும்போது கையில் கவர் திணித்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று பையில் வைத்தால் வாங்கியதாகத்தான் கணக்கு. பரிசு, பயணம், கடன் எதுவும் கூடாது என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறையே சொல்கிறது. ஆனால் அந்தக் கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது.

பதில்:
கவரைவிட கட்சிக்காரர்களுக்காகத் தூது போவது மோசம். 2009 தேர்தல் முடிந்து தி.மு.க.வுக்கு எந்த இலாகா என்று இழுபறி நடந்தபோது டெல்லியின் பெரிய செய்தியாளர்கள் சிலர் பெரிய கம்பெனிகளுக்காக அரசு வட்டாரத்தில் காரியம் பார்த்துவந்த நீரா ராடியாவிடம் போனில் பேசிய ஒலிப்பதிவு 2010 நவம்பரில் வெளியே வந்தது. செய்தி கறக்கத்தான் அப்படிப் பேசினோம், யாரிடமும் எதையும் கொண்டுபோகவில்லை என்றார்கள். இருக்கலாம், ஆனால் கேட்ட வாசகனுக்கு அது எப்படித் தெரியும்? ‘தலைமையிடம் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள் தம்பி’ என்று உங்களிடமும் ஒருநாள் கேட்பார்கள். ‘அது என் வேலை இல்லண்ணே’ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பதில்:
ஜெர்மனியில் 1949 முதல் மத்திய அரசின் பிரஸ் மீட்டை நடத்துவதே செய்தியாளர் சங்கம்தான், அமைச்சர் அங்கே விருந்தாளி. பேச்சிலும் மூன்று படி வைத்திருக்கிறார்கள்: பெயரோடு போடலாம், பெயரில்லாமல் ‘வட்டாரம்’ என்று போடலாம், போடவே கூடாது. இங்கே எல்லாம் பேசி முடித்தபிறகு ‘இது ஆஃப் த ரெக்கார்டு’ என்பார்கள், அதனால் பேச்சு தொடங்கும்போதே எது என்று கேட்டுவிடுங்கள். சக நிருபர்களோடு பெயர், தொகை, ஊர் சரிபார்ப்பதில் தப்பே இல்லை. லீட்டை மட்டும் பேசாதீர்கள், பத்துப் பேரும் ஒன்றையே எழுதினால் அவர் எதை மழுப்பினார் என்பது யார் பேப்பரிலும் வராது.

கேட்டவர்:
மற்ற பேப்பரில் வந்தது நம்மிடம் ஏன் இல்லை என்று காலையில் ஆபீஸில் செய்தியைத் திருத்திப் போடும் டெஸ்க் கேட்குமே?

பதில்:
கேட்கும். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும், அதனால் ஓரமாக நிற்கும் அந்த நேரத்தில் மாவட்டச் செயலாளரின் எதிர்கோஷ்டி ஆளைப் போய்ப் பாருங்கள்.