பிளேட் டோன்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

19ஆம் நூற்றாண்டு டச்சு அச்சோவியங்களுக்கான சொற்பட்டியலில் 'பிளேட் டோன்' மட்டும் நிலுவையில் இருக்கிறது. அமிலத்தால் கோடுகள் அரித்த எச்சிங் தகட்டில் மை தடவித் துடைக்கும்போது, கோடில்லாத சமதளத்திலும் வேண்டுமென்றே கொஞ்சம் மையை விட்டுவைப்பார்கள். தாளில் அது மங்கலான நிறமாக இறங்கும். ஹேக் பள்ளி என்ற டச்சு ஓவியக் குழுவினரின் ஈரச் சாம்பல் வானத்தை எச்சிங்கில் கொண்டுவர இதுவே சுலபமான வழி. 1880களிலேயே, அவர்களில் சிலர் வரைந்த லாரன் சிற்றூருக்கு நீராவி டிராம் வந்துவிட்டது. படங்களிலோ மந்தையும் இடையனும்தான். (அவர்களில் ஒருவரான ஆன்டன் மோவ வரைந்த ஆடுகளில், எதிரே வருபவைக்கு ஒரு விலை, முதுகு காட்டிப் போகிறவைக்கு ஒரு விலை என்பார்கள்!) அந்த இதத்தில் பாதி, துடைப்பவர் கையில் இருந்தது. 'மைமூட்டம்' எப்படி?

— செ.

செ. ஐயா,

காதுக்கு இனிமைதான். ஆனால் மூட்டம் என்பது விளைவு. கை பொறுக்கும் சூட்டில் தகட்டை வைத்து, மையைக் கோடுகளுக்குள் அழுத்தி, கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடைக்கிறோம். அங்கேயே நிறுத்தினால் சமதளத்தில் மை தங்கும். சுண்ணத்தூள் தொட்ட உள்ளங்கையால் இன்னும் துடைத்தால் வெள்ளை வரும். வானத்தில் விட்டுவைத்து, ஆட்டின் முதுகில் மட்டும் எடுத்தால் அங்கே வெயில். சீராகத் தங்கிய மெல்லிய மையும் பிளேட் டோன்தான், அதில் மூட்டமே தெரியாது. 'மைப்பூச்சு' பூசியதைச் சொல்லும், இது விட்டது. ஆகவே வினைத்தொகையாக 'விடுமை'?

— இரா.

விடுமை வேண்டாம் அம்மா. பொறுமை, வறுமை வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். படிப்பவருக்கு மை கண்ணில் படாது. 'மைப்படலம்' போதும்.

ரெட்ரூசாஜைக் கட்டாயம் தனிச்சொல்லாக்க வேண்டும். துடைத்து முடித்த தகட்டை லேசாகச் சூடாக்கி, மெல்லிய மஸ்லினைக் கோடுகள்மேல் பட்டும் படாமல் வீசினால், உள்ளிருக்கும் மை விளிம்பேறிப் பரவும். தகடு ஆறிவிட்டால் மை வெளியே வராது. சூடு மிஞ்சினால் இளகி ஓடி, நெருங்கிய கோடுகள் ஒன்றாகிவிடும். 'மைக்கசிவு' என்றால் விபத்தாகப்படும். என் ஓட்டு 'மையிழுப்பு'க்கு. அமிலம் சரியாக அரிக்காத தகட்டை இதைக் கொண்டு மூடி மறைப்பதும் நடக்கும். கோடுகள் சோனியாக இருக்க, நிழல் மட்டும் கனத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

— மு.

இரண்டையும் ஏற்கிறேன். மைப்படலத்துக்கு 'தகட்டச்சில் மட்டும்' என்ற குறிப்பு அவசியம். வான் கோ 1885 ஏப்ரலில் 'உருளைக்கிழங்கு உண்போர்' படத்தைக் கல்லச்சில் (லித்தோகிராஃப்) போட்டார். வரையாத இடத்தில் ஈரக்கல் மையை ஏற்காது, விட்டுவைக்க எதுவுமில்லை. அந்த இருட்டு முழுவதும் கல்மேல் கையால் இட்டது.

ஒரே தகட்டின் அச்சுப்படிகளிலும் படலம் மாறும் என்பதால் அட்டவணையில் 'கனத்த படலம்', 'மெல்லிய படலம்' என்று படிக்குப் படி எழுதலாம். முழுக்கத் துடைத்த படிக்குத் 'துடைபடி' என்று வைத்துக்கொள்ளலாமா?

— செ.